சக்கரத்தில் போட்ட சங்கிலி

ஒனேசிம் லவியோலெத் பிழைப்புக்குச் சுவர் பூசுவார். ஞாயிறானால் டிரம்பெட் ஊதுவார். காகிதத்தில் உள்ளதை அப்படியே ஊதிக்கொண்டிருந்த எங்கள் நியூ ஆர்லியன்ஸில், ஸ்வரத்தை வளைத்து, அழவிட்டு, தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி உட்காரவைத்த முதல் ஆள் அவர்தான். நம்பினால் நம்புங்கள். அவர் குழுவில் டிராம்போன் ஊதியவன் நான்.

இசைத்தட்டில் பதிவு செய்ய அவரைச் சிகாகோவுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே சுவரில் பொருத்திய குழாய்க்கு நேரே ஊதினால் தட்டில் பதியும். "சுவத்துல இருக்கிற குழாயப் பாத்து ஊதுறதுக்கு நான் என்ன கிறுக்கனாடா?" என்று சிரித்தார். அவர் போகவில்லை, லியோன்ஸ் என்ற இளைஞன் போனான். ஒரு காலத்தில் எங்கள் நடனக்கூட ஜன்னலுக்கு வெளியே நின்று அவர் ஊதியதைக் கேட்டுக் கற்ற ஒருவனிடம் பாடம் படித்தவன் அவன். இவனோ ஒனேசிமை ஒருமுறைகூட நேரில் கேட்டதில்லை. அவனுடைய தட்டு வீடு வீடாகச் சுற்றியது.

ஒரு ஞாயிறு மதியம், மாலை நடனத்துக்கு ஆள் சேர்க்க வண்டியில் ஏறி ஊதிக்கொண்டு போனோம். தெருமுனையில் எதிரே இன்னொரு நடனக்கூடத்து வண்டி வந்தது. மேலே லியோன்ஸ். ஜனங்களுக்குக் கேட்கவா வேண்டும்? ஓடிவந்து இரண்டு வண்டிச் சக்கரங்களையும் சங்கிலியால் பிணைத்துவிட்டார்கள். ஒரு பக்கம் தோற்று வாத்தியத்தை இறக்கும்வரை யாரும் அவிழ்க்க மாட்டார்கள். ஜெயித்தவன்தான் ஊருக்கு ராஜா.

லியோன்ஸ் ஊதினான். அத்தனையும் ஒனேசிமின் சரக்கு. எனக்கு ரத்தம் கொதித்தது. இவர் பதிலுக்கு ஊதினார். கூட்டம் கைதட்டவில்லை. நண்டு விற்கும் செலஸ்டின் இடுப்பில் கைவைத்துக் கத்தினாள்:

"பெரியவரே, லியோன்ஸ் தட்டக் கேட்டுக் கேட்டு நல்லாத்தான் பழகியிருக்கீங்க!"

தெருவே சிரித்தது. அவருக்குத் தெரிந்ததையெல்லாம் இறக்கினார். ஒவ்வொன்றும் லியோன்ஸிடம் இருந்தது, இளமூச்சோடு. அவர் உதட்டில் ரத்தம்.

"அண்ணே, இறக்கிருங்க. விட்டுருவானுங்க," என்றேன் நான்.

"இறக்கினா, நான்தாண்டா திருடன்னு ஆயிரும்."

"இது உங்களுதுன்னு நான் சொல்றேண்ணே!"

"உன்ன எவன்டா நம்புவான்? வாய மூடு."

அப்புறம் ஒன்று செய்தார் பாருங்கள். லியோன்ஸ் மாதிரி இருக்கக் கூடாதென்று வளைக்காமல், பிந்தாமல், பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பதுபோல ஊதினார். தன்னுடையது ஒன்றுகூட அதில் இல்லை.

"ஐயோ பாவம், இவ்வளவுதான் வருமா!" என்றது கூட்டம். ஒனேசிம் டிரம்பெட்டை மடியில் வைத்தார். சங்கிலி அவிழ்ந்தது.

லியோன்ஸ் தொப்பியைக் கழற்றிக் குனிந்தான். கேலி இல்லை, நிஜமான மரியாதை. அதுதான் கொடுமை, அவனை அடிக்கக்கூட முடியவில்லை.

"மனசுல வச்சுக்காதீங்க பெரியவரே. நல்லா ஊதுறீங்க. ஆனா என் பாணி எல்லாருக்கும் வராது."

ஒனேசிம் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா தம்பி," என்றார். "எனக்கு வரல."