கடைசிச் சுற்றில் நின்ற வண்டி

பாலாற்றங்கரையில் முட்டை வடிவில் போட்டிருந்த மண் பாதையில் அன்று பெண்களுக்கான பைக் பந்தயம். முதலில் வருபவருக்கு மட்டுமே சென்னை அணியில் இடம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். தோற்றால் இனி வண்டியைத் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

கடைசிச் சுற்றில் எனக்கு முன்னால் வாணியம்பாடி நஸ்ரின் மட்டும்தான். வளைவில் அவளை முந்தினேன். அடுத்த நொடியே சறுக்கி விழுந்தேன். வண்டி என் காலின் மேல் கிடந்தது. வலியே தெரியவில்லை.

நஸ்ரின் தன் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். பின்னால் வந்தவர்கள் எங்களைக் கடந்து போனார்கள்.

"நீ போயிருக்கலாமே" என்றேன்.

"சூடு சைலன்சர் உன் கால் மேல கெடக்குதுக்கா. எப்டி வுட்டுட்டுப் போறது? கை குடு."

'இவளும் தோற்றுவிட்டாள்' என்ற நிம்மதிதான் எனக்குள் முதலில் வந்தது. அவளுக்கு நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லை. அவள் என் கால் மேல் கிடந்த வண்டியைத் தூக்கி நகர்த்தி, கை கொடுத்து எழுப்பி, என் ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் கொடுத்தாள்.

காயம் ஆறிவிட்டது. வேலைக்குப் போகிறேன், வருகிறேன். வண்டியை வீட்டில் விற்றுவிட்டார்கள். அதற்கும் அழுகை வரவில்லை. ஜெயிக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில் நான் எவ்வளவு மரத்துப் போயிருந்தேன் என்பது, அன்று நஸ்ரினின் கையைப் பிடித்து எழுந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.