வேற்றுக்கிரகவாசிகள் ஏன் கை கொடுத்தார்கள்?

போன வாரம் அத்தான் போனில் கூப்பிட்டார். அத்தான் என்றால் அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் அக்காவின் வீட்டுக்காரர், சோமசுந்தரம். பேங்க் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர். அதிர்ந்து பேசாத மனிதர். அன்றைக்கு அதிர்ந்தார்.

"மாப்ளே, நெட்டுல கெடக்கவனுக்கெல்லாம் கிறுக்கு புடிச்சிட்டா? என்னயப் பாத்து என்ன குடிச்சீங்கன்னு கேக்குதானுவ வே!"

விஷயம் இதுதான். கேபிள் டிவி புதுசாக வந்த காலத்தில், அம்பாசமுத்திரத்தில் ஒரு ஆங்கில சீரியல் ஓடியது. வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்குப் படையெடுக்கும் கதை. மொத்தமே நாலு பாகம். கேபிள்காரர் சுடலை அண்ணாச்சி தினம் சாயங்காலம் ஒரு கேசட்டைப் போடுவார். ஊரே உட்கார்ந்து பார்த்ததாம். நான் அப்போது பாளையங்கோட்டையில் இருந்ததால் பார்க்கவில்லை.

அதை யாரோ இப்போது நெட்டில் ஏற்றியிருக்கிறார்கள். அத்தான் படத்தைப் பார்க்கவில்லை. பெயரைப் பார்த்ததுமே பூரித்துப்போய் ஒரு கமெண்ட் போட்டுவிட்டார். 'சண்டையெல்லாம் முடிந்து, கடைசியில் அவர்கள் சிரித்துக்கொண்டே வந்து இரண்டு கைகளையும் நீட்டுவார்களே... உலகத்திலேயே சிறந்த முடிவு!'

அதற்குத்தான் அந்த வரவேற்பு.

"வார ஞாயித்துக்கெழம குமரேசன் நாங்குநேரியில இருந்து வாரான். அவனுக்கு அந்தக் கடைசி சீனப் போட்டுக் காட்டணும். நீரும் வந்து டிவியில மாட்டிக் குடும்" என்றார்.

குமரேசன் என்பவர் அத்தானின் தம்பி. ஒரு காலத்தில் இருவரும் ஜென்ம விரோதிகள். குலதெய்வக் கோயில் கொடை விழாவில் முதல் மாலை யாருக்கு என்று ஆரம்பித்த பேச்சு, நல்லது கெட்டதுக்குக்கூடப் போகாத அளவுக்கு முற்றிவிட்டது. பல வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. அந்த சீரியலின் கடைசி சீனைப் பார்த்த மறுநாள் காலையில்தான் அத்தான் பஸ் ஏறி நாங்குநேரி போய், தம்பி வீட்டு வாசலில் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். எங்கள் குடும்பத்தில் எல்லாக் கல்யாணத்திலும் சொல்லப்படும் கதை இது.

சரி, முன்கூட்டியே பார்த்துவைப்போம் என்று முதல் பாகத்தைப் போட்டேன்.

அந்தப் பாகம் முடியப்போகும்போது கப்பல் வந்து இறங்குகிறது. சிரித்துக்கொண்டே இறங்குகிறார்கள். இரண்டு கைகளையும் நீட்டுகிறார்கள்!

இது கடைசி சீன் அல்லவா? எனக்குத் தலை சுற்றியது. தொடர்ந்து பார்த்தால், அந்தச் சிரிப்பே பொய். அவர்கள் பூமியின் மண்ணை அள்ளிக்கொண்டு போக வந்தவர்கள். (மண் அள்ள அவ்வளவு தூரத்திலிருந்தா வர வேண்டும் என்று தாமிரபரணிக்காரர்கள் கேட்கக் கூடாது.) நாலாம் பாகத்தில் பூமிக்காரர்கள் குண்டு போட்டு அத்தனை பேரையும் கொளுத்திவிடுகிறார்கள். சுபம்.

கமெண்டுகளைப் படித்தால் குழப்பம் இன்னும் கூடியது. 'அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே குலை நடுங்குது' என்கிறார் ஒருவர். 'முதல் பாகம்தான் உருப்படி, மீதி ஜவ்வு' என்கிறார் இன்னொருவர். 'கடைசியில சமாதானம் ஆவாங்களே, அதை ஏன் வெட்டிட்டீங்க?' என்று ஒருவர் சண்டைக்கு நிற்கிறார். யாரென்று பார்த்தால், கல்லிடைக்குறிச்சிக்காரர்! சுடலை அண்ணாச்சியின் கேபிள் ஆற்றைத் தாண்டியும் போயிருக்கிறது. ஆற்றின் இரண்டு கரையும் ஒரு கட்சி, மற்ற உலகம் எதிர்க்கட்சி.

சுடலை அண்ணாச்சி இப்போது இல்லை. கேசட்டுகளை சவூதியிலிருந்து கொண்டுவந்தது மீரான். இப்போது மேலப்பாளையத்தில் கடை வைத்திருக்கிறார். அவரைப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, நான் பெட்டியக் குடுத்துட்டு லீவு முடிஞ்சு போய்ட்டேன். அங்கன எல்லாம் வலது பக்கத்துல இருந்துதான் எழுதுவாங்க, படிப்பாங்க. பெட்டியிலயும் மொத கேசட்டு வலது ஓரமாத்தான் இருக்கும். சுடலையண்ணன் எந்தப் பக்கத்துல இருந்து எடுத்தாவ?"

நம் வழக்கப்படி இடது பக்கத்திலிருந்து. வேறெப்படி? படத்தில் பெயர் ஓடுவதெல்லாம் வீண் என்று சுடலை அண்ணாச்சி எப்போதும் வேகமாக ஓட்டிவிடுவாராம். பேச்சு ஆங்கிலம், கீழே எழுத்து அரபி, கேசட் மேல் எழுதியிருந்ததும் அரபி. யாருக்கு என்ன புரியும்?

ஆக, ஊரே நாலிலிருந்து ஒன்றுக்குப் பார்த்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை. அண்ணனும் தம்பியும் டிவி முன்னால் ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். மறைக்க முடியாது. மென்று முழுங்கிச் சொல்லி முடித்தேன்.

அத்தானின் முகம் விழுந்துவிட்டது. "அப்பம்... அவனுவ சமாதானத்துக்கு வரலியா?"

"இல்லத்தான். ஏமாத்த வந்திருக்கானுவ. ஒரு சந்தேகம்... மொத நாள் செத்தவன் மறுநாள் எந்திரிச்சு வாரானே, யாரும் ஏன்னு கேக்கலியா?"

"வேத்துக்கிரகத்துக்காரன் பொழைக்க வச்சிருப்பாம்னு நெனச்சோம்" என்றார், பாவமாக.

குமரேசன் அண்ணன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். எனக்கு பயமாக இருந்தது. இத்தனை வருஷ உறவு ஒரு கேசட் பெட்டியில் வந்து நிற்கிறதே!

"ஏண்ணே, அன்னைக்கு எங்க வாசல்ல கைய நீட்டிட்டு நின்னியே... அது இந்தத் திருட்டுப் பயலப் பாத்துத்தானா?"

"ஆமாலே" என்றார் அத்தான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நல்லவேள. சுடலையண்ணன் ஒழுங்காப் போட்டிருந்தா, நீ குண்டத் தூக்கிட்டுல்லா வந்திருப்ப!"

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அத்தானும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அப்புறம் குமரேசன் என் பக்கம் திரும்பினார்.

"என்னவே பாத்துக்கிட்டு இருக்கீரு? நாலுல இருந்து போடும்."

போட்டேன். கடைசியாக அந்த சீன் வந்தது. அயோக்கியர்கள் என்று தெரிந்தும் அண்ணன் தம்பி இருவரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நானும்தான்! அந்தச் சிரிப்பு பொய்யா நிஜமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்து நானும் ஒரு கமெண்ட் போட்டேன். 'தயவுசெய்து நாலிலிருந்து ஒன்றுக்குப் பாருங்கள்.'

திட்டுகள் குவிகின்றன. லைக் ஒன்றே ஒன்றுதான் - நாங்குநேரியிலிருந்து.