ஏகாதசியன்று நடக்காத மாமா

மனிதர்களை நடக்க வைப்பது எப்படி என்று ஆராய்ச்சி செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தால், முதலில் பழகுவது சந்தேகப்படத்தான். படிவமும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

உரக்கடையில்

துறையூரில் ஓர் உரக்கடைக்காரர். சர்க்கரை உண்டு, நடக்கவும் தயார். அடிகளை எண்ணும் பட்டையை மணிக்கட்டில் கட்டப் போனதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "நான் எங்க போறேன், எங்க நிக்கிறேன்னு இது எங்க வீட்டுல சொல்லாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றீங்களா?"

குறையாத தொப்பை

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் பார்த்தசாரதி மாமா, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், சர்க்கரைக்காரர். அவருடைய பட்டை தினமும் ஒன்பதாயிரம் அடி காட்டியது. எங்கள் அலுவலகத்தில் அவர் பெயரைச் சொல்லித்தான் மற்றவர்களை உசுப்பேற்றுவோம்.

எனக்கு மட்டும் உறுத்தியது. எப்போது போனாலும் நாற்காலியில், குறையாத தொப்பைமேல் பேப்பரோடு இருப்பார். வாசலில் செருப்பு புத்தம் புதிதாகக் கிடக்கும். பட்டை எங்கே என்றால் சார்ஜில் இருக்கிறது என்பார். "நெஜமாவே நடக்கிறீங்களா மாமா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். பேப்பரை இறக்காமல் சொன்னார்: "முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்திருக்கேன். எண் பொய் சொல்லாது."

டாக்டரின் முடிவு

இரண்டு மாதம் கழித்து மாமாவின் ரத்தப் பரிசோதனை வந்தது. சர்க்கரை ஏறியிருந்தது. எங்கள் ஆராய்ச்சி டாக்டர் என் கையெழுத்துள்ள நடைக் கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் சொன்னார்: "இவ்வளவு நடந்தும் குறையலைன்னா மாத்திரை போதாது. திங்கட்கிழமையிலேருந்து இன்சுலின் போட்டுடலாம்."

ஏகாதசி

அன்று அந்தத் தாளை வரி வரியாகப் பார்த்தேன். மாதத்தில் இரண்டு நாள் மட்டும் அடிகள் ஆயிரத்தைத் தாண்டவில்லை. காலண்டரைப் பார்த்தால் இரண்டும் ஏகாதசி. மறுநாள் துவாதசிகளில் விடிகாலை நான்கு மணிக்கே எண்ணிக்கை எகிறியிருந்தது. ஏகாதசியன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது. துவாதசியில் விடியும் முன்பே, விரதம் முடித்துச் சாப்பிடும் பாரணைக்குச் சமையல் ஆரம்பமாகிவிடும். சமைப்பது மாமா இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் போய் நின்றேன். அவர் மனைவி வைதேகி மாமி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வளையல்களுக்கு நடுவே பட்டை. "அவருக்குக் கை அரிக்கிறதுன்னார், நான் கட்டிண்டேன். ஆத்துல யார் நடந்தா என்னன்னு நெனச்சேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஊசி விஷயத்தைச் சொன்னேன். மாமாவின் பேப்பர் தானாகக் கீழே இறங்கியது. மாமி அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்: "நான் நடந்த நடைக்கு அவருக்கு ஊசியா? சரி, ரெண்டு மாசமா ஆத்துக்கு வந்துண்டிருக்கேளே, எனக்குச் சர்க்கரை இருக்கான்னு ஒருநாளாவது கேட்டேளா?"

டாக்டரிடம் ஓடிப்போய் ஊசியை நிறுத்திவிட்டேன். ஆனால் நடக்காதவர்களையே துருவித் துருவிச் சந்தேகப்பட்ட எங்கள் ஆராய்ச்சியில், நாள் முழுக்க நடந்தவரின் பெயரை எழுத ஒரு கட்டம்கூட இல்லை.