அடுத்த ஞாயிறு

பல்லிடுக்கில் திருகாணிகளைக் கடித்துக்கொண்டே பேசுவார். ஒரு கால் ஸ்டூலில், இன்னொரு கால் சமையல் மேடையில். "இதோ, இத மட்டும் முடுக்கிட்டா முடிஞ்சுது" என்பார். முடுக்கும்போதே எதிர்ச் சுவர் கண்ணில் படும். அங்கே ஒரு அலமாரி அடித்தால் என்ன? அளவு நாடாவும் கையுமாக அந்தப் பக்கம் போய்விடுவார். திருகாணிகள் ஜன்னல் கட்டையில் குடியேறிவிடும். "அப்ப இது?" என்று மனைவி கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "அடுத்த ஞாயித்துக்கெழம." மகள் கல்லூரிக்குப் போகிறவள், வாய்த்துடுக்கு. அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டாள். "அம்மா, அடுத்த ஞாயிறு சாப்பிட்டாச்சா?"

தொழில், லிப்ட் பழுது பார்ப்பது. அங்கே ஆளே வேறு. எந்தக் கட்டடமானாலும் சரிசெய்த லிப்ட்டில் தானே ஏறி உச்சி மாடி வரை போய்த் திரும்பாமல் கருவிப் பெட்டியை மூட மாட்டார். அவசரப்படுத்துகிறவர்களிடம், "அரைகுறையா விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது சார்" என்பார். அதே மனிதர், வீட்டில் பாதி மட்டும் வண்ணம் கண்ட கதவுக்குப் பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுவார். "ஊருல உள்ள லிப்ட்டெல்லாம் ஒழுங்கா ஏறி எறங்குது. நம்ம வீட்டு அலமாரிக் கதவு தெறந்தா மூட மாட்டேங்குது" என்று மனைவி வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவள் தையற்காரி. முன்னறைதான் கடை.

முழங்கால் வலி வந்த பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. உற்சாகமாகிவிட்டார். துருப்பிடிக்காத குழாயாகத் தேடி வாங்கி, முகம் பார்க்கும் அளவுக்குத் தேய்த்தார். ஒரு முனையைச் சுவரில் இறுக்கினார். மறுமுனைக்குத் துளை போடும்போது துளைக்கும் ஊசி ஒடிந்தது. புதிது வாங்க வேண்டும். அதுவரை ஓட்டை அசிங்கமாகத் தெரிய வேண்டாமே என்று அதன் மேல் வட்ட மூடியை அழுத்திவைத்தார். பார்வைக்கு முடிந்த வேலை. மூடிக்குப் பின்னால் ஒரு ஆணி கூட இல்லை.

ஒரு காலையில் ஈரத்தில் அவளுக்குக் கால் வழுக்கியது. எட்டிப் பிடித்தாள். கம்பி கடிகார முள்ளைப் போலக் கீழே சுழன்றது.

உடைந்தது வலது மணிக்கட்டு. எலும்பு கூடிவிடும், ஆனால் விரல்கள் நுணுக்கமான வேலைக்குத் திரும்புமா என்பதை இப்போதே சொல்ல முடியாது என்றார் மருத்துவர். கணவர் வேலை உடுப்போடு, கையில் கிரீசோடு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். திட்டுவாள் என்று காத்திருந்தார்.

"முடிஞ்சுதுன்னு நெனச்சேங்க" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவர் கொஞ்சம் நிமிர்ந்திருப்பார்.

அன்றே கம்பியை இறுக்கினார். இரண்டு கையாலும் பிடித்துக் கால்களைத் தூக்கித் தொங்கிப் பார்த்தார். "நீயும் தொங்கிப் பாரும்மா" என்று மகளைக் கூப்பிட்டார். வாசற்படியில் நின்றிருந்தவள், "வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தப் பட்டப்பெயரை அவளும் விட்டுவிட்டாள்.

வீட்டில் பழக்கங்கள் மாறின. இப்போது முதலில் எழுகிறவர் அவர்தான். கேரட்டை அளவெடுத்தது போல நறுக்குவார், பிறகு அதைக் குழைய விட்டுவிடுவார். துணி காயப்போட்டால் நான்கு மூலையும் நேராக இருக்க வேண்டும். "சட்டைதானேப்பா, லிப்ட் கதவா இது?" என்று மகள் கேட்டபோதுதான், விபத்துக்குப் பிறகு அந்த வீட்டில் முதல் சிரிப்பு கேட்டது.

அவரை நிஜமாகவே அசைத்தது வேறொன்று. ஒரு பெண் துணியைத் திரும்ப வாங்கிப் போக வந்தாள். சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, வெட்டாமல் நின்றுபோன துணி. "ஒரு மாசம் பொறுத்தீங்கன்னா..." என்று அவர் இழுத்தார்.

"அவங்களுக்கு நாள் குறிச்ச வேலை. குடுத்துடுங்க" என்றாள் மனைவி.

மடித்துக் கொடுத்தார். மனைவி போட்ட கோடுகள் உள்பக்கம் வரும்படி, ஒன்று கூட அழியாமல் மடித்தார்.

மாவுக்கட்டு பிரித்த பிறகு விரல்கள் மரக்கட்டையாக இருந்தன. மாலையில் ரப்பர் பந்தை அவள் உள்ளங்கையில் வைத்து, தன் கையால் மூடி அழுத்தச் சொல்வார். "வலிக்குதா?" "வலிக்காம என்ன பண்ணும்?" இப்போது காகிதம் வெட்டுகிறாள். துணி வெட்டும் கத்தரிக்கோலைத் தூக்குகிறாள். ஆனால் கோட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. வருமா, வராதா என்று இருவரும் பேசிக்கொள்வதில்லை.

தலை பின்னுவதும் அவர் வேலைதான். காலையில் அவள் நாற்காலியில் உட்காருவாள். பின்னால் அவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "மெதுவா. லிப்ட் கயிறுன்னு நெனச்சீங்களா?" என்பாள். கையைத் தளர்த்துவார். பின்னல் கோணும். அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து பின்னுவார்.

நேற்றுக் காலை வாடிக்கையாளர் ஒருவர் அழைப்பு மணியை அழுத்தினார். கோட்டோடு வாங்கிப் போன பெண்ணேதான், அதே துணி. "அந்த நாளுக்கு வேறது போட்டுக்கிட்டேன். இத வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரல. எப்ப முடியுதோ அப்பத் தச்சுக் குடுங்க" என்று மகளிடம் நீட்டுவது உள்ளே கேட்டது. மனைவி முடியாத பின்னலோடு எழப் பார்த்தாள். "போதும், கட்டிடுங்க" என்று, இன்னும் சரியாக மடங்காத வலது கை விரலில் தொங்கிய ரப்பர் வளையத்தைத் தோளுக்கு மேலே பின்னால் நீட்டினாள்.

அவர் அதை வாங்கவில்லை. "இன்னும் இருக்கு" என்றார். குனிந்து, பிடிக்கு அகப்படாத கடைசி நாலைந்து முடிகளையும் மூன்றாகப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்.