பொறுக்கியெடுத்த கடலை

வேர்க்கடலை எனக்கு ஆகாது. ஒன்று வாய்க்குள் போனாலும் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாய்க் கிளம்பும், பிறகு தொண்டை அடைத்துக்கொள்ளும். முதல் தடவை அது நடந்தது சமயபுரத்தில், கோயில் வாசல் கடையில் அப்பா வாங்கித் தந்த வறுத்த கடலையால். என் தடிப்பைப் பார்த்தவர்கள் அம்மை போட்டிருக்கிறது என்று முடிவுகட்டி வேப்பிலை பறிக்கக் கிளம்பினார்கள். அம்மா யார் பேச்சையும் கேட்காமல் என்னைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். ஊசி போட்டுவிட்டு அவர், "கடலை இந்தப் பொண்ணுக்கு விஷம்மா, கண்ணுலயே காட்டாதீங்க" என்றார். ஐம்பதுகளில் எங்களுக்குக் கிடைத்த விளக்கம் அவ்வளவுதான். அலர்ஜி என்ற சொல் தென்னூரில் எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

கண்ணில் காட்டாமல் இருப்பது லேசான காரியமா? பலகாரமெல்லாம் கடலை எண்ணெயில் வேகும் ஊர் எங்களுடையது. அம்மா நல்லெண்ணெய்க்கு மாறினாள். அதிலும் ஒரு வம்பு இருந்தது. எள் ஆட்டுகிற செக்கிலேயேதான் கடலையும் ஆட்டுவார்கள். "இதுக்கு முன்னாடி என்ன ஆட்டுனீங்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். "எண்ணெய் வாங்க வந்தீங்களா, விசாரணைக்கு வந்தீங்களா?" என்பார் செக்குக்காரர். பொரிக்கடை பக்கமே போகக் கூடாது. கடலை மூட்டையில் முங்கிய அதே அளவுப் படிதான் பொரி மூட்டையிலும் முங்கும். கடைசியில் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். வெளியில் வாங்கித் தின்பதென்றால் தோலோடு இருப்பதைத்தான் தின்ன வேண்டும். வாழைப்பழம், ஆரஞ்சு, நுங்கு. தோலை நாமே உரிப்பதால் வேறு யார் கையும் உள்ளே பட்டிருக்காது. இன்றுவரை நான் பழக்கடையைக் கண்டால் சொந்தக்காரரைக் கண்டதுபோல் நிற்கிறேன்.

மற்ற இடங்களுக்கு ஒரு துணிப்பை. அதில் இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு, ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன். கல்யாண வீட்டுப் பந்தியில் நான் தூக்கைத் திறந்தால் போதும், யாராவது ஒருத்தர் முகம் கோணிவிடும். "எங்க வீட்டுச் சோறு உங்க மகளுக்கு எறங்காதோ?" அம்மா பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் சிரிக்க மட்டும் கற்றுக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வராது. கோபம்தான் வரும். எல்லாரும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிடுகிறபோது தனியாக ஒரு தூக்கை மடியில் வைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு வெட்கமான விஷயம் என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

அந்தப் பையைப் பார்த்து முகம் சுளிக்காத ஒரே வீடு ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் தோழியின் வீடு. ஆசாரமான வைஷ்ணவக் குடும்பம். என்னைப் போன்ற வேறு சாதிப் பிள்ளைகளுக்கு அங்கே தனி டம்ளர் உண்டு. நானே என் டம்ளரைக் கொண்டுபோனதில் அவர்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி. காரணம் மட்டும் வேறு வேறு. அது அப்போதே எனக்குப் புரிந்தது. சின்ன வயதில் அதெல்லாம் புரியாது என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நவராத்திரிக்குக் கொலு பார்க்க அந்தத் தோழி கூப்பிட்டாள். ஒன்பது நாளும் வீட்டுக்கு வீடு சுண்டல். அம்மா முதலில் முடியவே முடியாது என்றாள். நான் அழுது அடம்பிடித்ததில் இறங்கி வந்தாள். தம்பிக்குக் காய்ச்சல் என்பதால் அவளால் கூட வர முடியவில்லை. வெல்ல அவலைத் தூக்கில் போட்டு, "இதைத் தவிர எதையும் வாயில வைக்கக் கூடாது. யாராச்சும் குடுத்தா வீட்டுக்குக் கொண்டுபோறேன்னு சொல்லிடு" என்று அனுப்பினாள். சாயந்தரம் அப்பா வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு.

அம்மா யோசிக்காதது ஒன்று உண்டு. கொலு நாளில் பாவாடை கட்டிய பெண் கையில் தூக்கோடு வந்தால், சுண்டல் வாங்க வந்திருக்கிறாள் என்றுதான் அந்த வீதியில் அர்த்தம். நான் கூடத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த நேரம், தோழியின் அம்மா என் தூக்கைத் திறந்து அவலுக்கு மேலேயே சுண்டலைப் போட்டு மூடி வைத்துவிட்டார். அன்றைக்கு வேர்க்கடலைச் சுண்டல்.

திறந்து பார்த்து நான் விழித்ததை அந்த மாமி கவனித்தார். "ஏன் குழந்தே, கடலை பிடிக்காதா?" என்றார். "எனக்கு ஆகாது மாமி" என்றேன். "அதுக்கென்ன" என்று என் ஸ்பூனாலேயே ஒவ்வொரு கடலையாகப் பொறுக்கி எடுத்தார். ஒன்றுகூட விடவில்லை. "இப்போ சாப்பிடு" என்று நீட்டினார். இவ்வளவு மெனக்கெட்டவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பசி வேறு. சாப்பிட்டேன்.

நாலைந்து வாய்க்குள் உதடு தடித்தது. அடுத்து மூச்சு விசில் அடித்தது. மாமி என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு அப்படியே வாரித் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீதியில் ஓடினார். அவருடைய பட்டுப்புடவையில் நான் வாந்தியெடுத்தது நினைவிருக்கிறது. வீதி முனையில் இருந்த டாக்டர் ஊசி போட்டார். மூச்சு உள்ளே போனபோது அது என் மூச்சுதான் என்று நம்பவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஆள் போய்ச் சொல்லி, அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். சண்டை போடப் போகிறாள் என்று பயந்தேன். மாமி அழுதுகொண்டே, "எல்லாத்தையும் பொறுக்கி எடுத்துட்டுத்தானே குடுத்தேன்" என்றார்.

"கடலையை எடுத்தீங்க மாமி. அது பட்ட அவல் அங்கேயேதான இருந்துச்சு" என்றாள் அம்மா.

மாமி அழுகையை நிறுத்தினார். சோற்றுப் பானையைத் தொட்ட கையோடு தயிர்ப் பாத்திரத்தைத் தொடாத வீடு அது. பத்து என்பார்கள். கை கழுவாமல் தொட்டுவிட்டால் தயிரிலும் பத்து ஏறிவிடும்.

"அப்போ இது பத்து மாதிரியா?" என்றார் மெதுவாக.

"அப்படித்தான் வச்சுக்கங்களேன்" என்றாள் அம்மா.

எத்தனையோ பேருக்கு எவ்வளவோ சொல்லியும் ஏறாத விஷயம் மாமிக்கு அந்த ஒரு சொல்லில் ஏறிவிட்டது.

ஆனால் அம்மா அதற்குப் பிறகு என்னை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை. தொண்டை அடைத்த பயம் ஆசையைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்த வருஷம் நவராத்திரிக்கு மாமியே குங்குமச் சிமிழோடு தென்னூருக்கு வந்துவிட்டார். "இந்தத் தடவை ஆத்துக்குள்ள வேர்க்கடலையே வரலை. எண்ணெயும் மாத்தியாச்சு. என் வார்த்தையை நம்ப வேண்டாம். நீங்களே வந்து பாத்துக்கோங்கோ" என்றார்.

எதைப் பார்க்கச் சொல்கிறார் என்பது அங்கே போன பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. எங்களைக் கூடத்தோடு நிறுத்தாமல் நேரே சமையலறைக்கு அழைத்துப்போனார். அவர்கள் அதைத் தளிகை உள் என்பார்கள். வேறு சாதிக்காரர் நிழல்கூட அதற்குள் விழுந்ததில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த வீட்டுப் பெரியவர் பலமாகக் கனைத்தார். மாமி திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா வாசற்படியில் தயங்கினாள். எனக்காக உள்ளே போனாள். போன பிறகு தயக்கமே இல்லை. எண்ணெயை மோந்து பார்த்தாள். கரண்டிகளைத் திருப்பிப் பார்த்தாள். வாணலியின் விளிம்பை விரலால் தடவினாள். அரிசி டப்பாவைக்கூட விடவில்லை. மாமி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்று மற்றப் பெண்களோடு வரிசையில் உட்கார்ந்து, எல்லாருக்கும் போட்ட அதே கொண்டைக்கடலைச் சுண்டலை இலையில் வாங்கிச் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டேன். வெளியார் ஒருவரிடம் அப்படிக் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மாமி போட்டார். அம்மாவுக்கும் ஒரு இலை போட்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை. மாமியும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் முடிக்கிறவரை என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.