நூற்று நாற்பத்தொன்றாம் படம்

ஓசூரில் டிராக்டர் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு போன் செய்தவர்கள் அனைவருக்கும் ஹமீதுன்னிசாவின் குரல் தெரியும். பெங்களூரிலிருந்து கூப்பிட்டால் கன்னடத்தில் நமஸ்காரம் சொல்வாள். சித்தூர்க்காரர்களுக்குத் தெலுங்கு, சென்னை அலுவலகத்துக்கு ஆங்கிலம், கேன்டீனுக்குக் காய்கறி அனுப்புகிறவருக்கு நம்ம ஊர்த் தமிழ். பதின்மூன்று வருஷம் அந்த டெலிபோன் போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு, எதிர்முனையில் இருப்பவர் மூச்சு விடுகிற விதத்திலேயே உண்மை எது, சமாளிப்பு எது என்று தெரிந்துவிடும். "சார் சீட்ல இல்லீங்க" என்று அவளே எத்தனை பேருக்காகச் சொல்லியிருப்பாள்!

ஹமீதுன்னிசாவுக்குக் கண் தெரியாது. ஏழு வயதில் வந்த அம்மை, உயிரை விட்டுவிட்டுக் கண்களை எடுத்துக்கொண்டு போனது.

அதற்கு முந்தைய வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதின் கோடையில், மத்தூர்ச் சந்தையில் ஒரு சின்ன சம்பவம் நடந்தது. அவளுடைய அத்தா லால் பாஷா அங்கே புளி விற்றுக்கொண்டிருந்தார். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த ஒரு போட்டோக்காரர், புளி மூட்டை மேல் உட்கார்ந்திருந்த குழந்தையையும் அப்பாவையும் சேர்த்து ஒரு படம் எடுத்தார். வெயில் கண்ணைக் குத்தியது. குழந்தை சிணுங்கியது. "அசையாத இரு பாப்பா" என்று அத்தா தன் கையைக் கொண்டுவந்தார். ஒரு நிமிஷம் இருட்டு, புளி வாசனை, "க்ளிக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் அவளுக்கு ஞாபகம்.

அடுத்த வருஷம் பார்வை போனபோது லால் பாஷாவின் மனம் அந்த நிமிஷத்தையே பிடித்துக்கொண்டது. "போட்டோ புடிக்கறப்ப என் கையாலதானே உன் கண்ண மூடுனேன். அதான் மூடியே போச்சு" என்று சொல்லிச் சொல்லி அழுவார். "அம்மைக்கும் உங்க கைக்கும் என்னா அத்தா சம்பந்தம்?" என்று வளர்ந்தபின் அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அவர் கேட்கவில்லை. எண்பத்தொன்றாம் வருஷம் கண்மூடும்போதும் அந்தக் கையைத்தான் அவர் திட்டினார். எந்தத் தகப்பனுக்கும் வரக்கூடாது அப்படி ஒரு சாவு!

அவர் போனபின் அவருடைய படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை என்று தெரிந்தது. சந்தையில் எடுத்த அந்தப் படமும் அவர்கள் கைக்கு வரவே இல்லை. அம்மா முன்பே இறந்துவிட்டார். அத்தாவின் தங்கை தில்ஷாத் மாமிதான் மூன்றாம் நாள் ஒரு சின்னப் படத்தைக் கொண்டுவந்து, "இந்தா, உங்க அத்தா" என்று அவள் உள்ளங்கையில் வைத்தாள். பதினொரு வருஷம் அதைக் கைப்பையில் வைத்திருந்தாள் ஹமீதுன்னிசா. ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் அதன் ஓரத்தைத் தடவுவாள். ஒருநாள் ஆபீஸில் பை கவிழ்ந்து, படத்தை எடுத்துக்கொடுத்த தோழி, "யாருடி இது, கோட்டும் டையுமா வெள்ளைக்காரத் தொர?" என்று சிரித்தாள். கடையில் போட்டோச் சட்டம் வாங்கும்போது அதற்குள்ளேயே வைத்துத் தருவார்களே, அந்த மாதிரிப் படம்! மாமி பொய் சொன்னது அன்பினால்தான். ஆனால் அன்பினால் சொன்ன பொய்க்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது?

அன்றோடு ஒன்றை முடிவு செய்தாள். இனிமேல் தான் எதைத் தேடுகிறோம் என்று கண் உள்ள யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால், பாவப்பட்டு, அதுவே கிடைத்துவிட்டது என்பார்கள்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் தை மாதத்தில், கம்பெனிக் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க சென்னப்பன் வந்தான். மூக்கண்டப்பள்ளியில் வீட்டின் முன்னறையிலேயே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. வாய் ஓயாது.

"என் மாமனார் கோவிந்தப்பன் கிருஷ்ணகிரில ஸ்டுடியோ வெச்சிருந்தாருங்கக்கா. கோட்ட, நடுகல்லு, கோயிலு, மசூதி, சந்தன்னு நாப்பது வருசம் புடிச்சிருக்காரு. இருநூத்திப் பன்னெண்டு படம் தேறிச்சி. எல்லாத்தயும் வெப்சைட்ல போட்டுட்டன். இனிமே ஒலகமே பாக்கலாம்."

"சந்தைன்னா எந்தச் சந்த?" குரலை நிதானமாகவே வைத்துக்கொண்டாள்.

"மத்தூரு, போச்சம்பள்ளி, எல்லாந்தான்."

"ஒலகமே பாக்கலாம்னியே சென்னப்பா. அதுல நானும் உண்டா?"

சென்னப்பன் பையை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டான். ஆனால் அவன் நல்லவன். அந்தக் கேள்வி அவனோடு வீடு வரைக்கும் போயிருக்கிறது. இரண்டு வாரம் கழித்து, திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் ஒரு மென்பொருளைப் பெங்களூர் நண்பனிடமிருந்து வாங்கிவந்து, "ஞாயித்துக்கெழம வாங்கக்கா" என்று கூப்பிட்டான். மாதிரிக்காகக் கொடுத்த சிடி அது. நாற்பது நிமிஷம் பேசும், பிறகு வாயை மூடிக்கொள்ளும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் மறுபடி நாற்பது நிமிஷம்.

முதல் ஞாயிறு. இயந்திரம் ஆங்கிலத்தில் படித்தது. "இமேஜ். ஜி கே ஜீரோ ஜீரோ ஒன். இமேஜ். ஜி கே ஜீரோ ஜீரோ டூ. இமேஜ்…"

ஐந்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டாள். "ஏன் சென்னப்பா, உங்க மாமனாரு நாப்பது வருசமா இதத்தான் புடிச்சாரா?"

உள்ளேயிருந்து காவேரி பொங்கிச் சிரித்தாள். சென்னப்பனின் மனைவி, கோவிந்தப்பனின் ஒரே மகள். "நல்லா கேளுங்கக்கா! எங்கப்பா இருந்திருந்தா இவர வெரட்டியிருப்பாரு."

ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஒரு வரி எழுதிவைக்க இடம் உண்டு என்று சென்னப்பன் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான். பார்க்கிறவர்கள் கண்ணில் படாது. கேட்கிறவர்களுக்கு மட்டும் இயந்திரம் படித்துக் காட்டும். அதை அவன் காலியாக விட்டிருந்தான்.

"நீ பாத்துச் சொல்லு. நான் டைப் படிச்சவ, இங்கிலீசுல அடிக்கறன். ஒண்ணாம் நம்பர்லேர்ந்து ஆரம்பி" என்றாள் ஹமீதுன்னிசா.

நேராகச் சந்தைப் படங்களுக்குப் போ என்று சொல்ல அவள் நாக்கு துடித்தது. சொல்லவில்லை. டையும் கோட்டும் போட்ட அந்தத் துரை ஞாபகத்தில் நின்றார். இருநூற்றுப் பன்னிரண்டையும் வரிசையாகக் கேட்டால்தான் அவன் எதையும் ஊகிக்க முடியாது. இந்தப் படங்களுக்குள் அத்தா இருக்கிறாரா? இருந்தால், அந்தக் கை உண்மையில் என்ன செய்தது? அதை அறியாமல் தனக்கும் கண்மூட மனம் வராது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஒண்ணாம் படம். கிருஷ்ணகிரி மலைக் கோட்ட. ரொம்ப அழகான காட்சி."

"அழகா இல்லையான்னு நான் சொல்லிக்கறன். நீ இருக்கறதச் சொல்லு. யாரு இருக்காங்க, எங்க நிக்கறாங்க, கையில என்னா, எங்க பாக்கறாங்க. இந்த நாலு போதும்."

"கோட்டைக்கு ஏதுக்கா கையி?"

"செவுரு இருக்குமில்ல? அது எந்தப் பக்கம் இடிஞ்சிருக்குது?"

அப்படித்தான் தொடங்கியது. நடுகல்லில் புலியைக் குத்தும் வீரனுக்கு வலது கையில் ஈட்டியா குறுவாளா என்று சென்னப்பனும் காவேரியும் சண்டை போட்டார்கள். காவேரி அப்பாவின் பெட்டியிலிருந்து பெரிய பிரதியையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துவந்து குறுவாள்தான் என்று ஜெயித்தாள். "எத்தினி வருசமா இந்தப் போட்டோவ தொடைச்சி வெச்சிருக்கன், புலிக்கு வாலு ரெண்டு சுத்து சுத்தியிருக்குதுன்னு இன்னைக்கிதான் பாக்கறன்" என்றாள். நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை இயந்திரம் வாயடைத்துப் போகும். அதுதான் டீ நேரம். நெடுஞ்சாலையில் லாரிகள் அலறும். எதிர் வீட்டுக் கன்னடத்துக்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ஏனு, எஷ்டு ஆய்த்து?" என்று, எத்தனை படம் முடிந்தது எனக் கேட்பார். "நூறு ஆய்த்து" என்பாள் ஹமீதுன்னிசா.

ஏழாவது ஞாயிறு சந்தைப் படங்கள் வந்தன. நூற்று இருபத்தெட்டு, மண்பானைக்காரர்கள். நூற்று முப்பத்தைந்து, மாட்டுத் தரகர்கள், துண்டுக்கடியில் விலை பேசும் கைகள்.

"நூத்தி நாப்பத்தொண்ணு. மத்தூர்ச் சந்த, அறுவத்தொம்போது. புளி யாவாரி ஒருத்தரு. மூட்ட மேல ஒரு பொண்ணு, அஞ்சாறு வயசு இருக்கும்…" சென்னப்பனின் குரல் நின்றது. பிறகு அவசரமாக, "அவ்வளவுதாங்க்கா. அடுத்தது."

ஹமீதுன்னிசா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். டெலிபோனில் லட்சம் முறை கேட்ட மூச்சு அது. சார் சீட்டில் இருக்கிறார்!

"சென்னப்பா, எதையோ முழுங்கற."

"இல்லீங்கக்கா."

"அந்தப் பொண்ணு எங்க பாக்குது? நாலாவது கேள்விக்கு இன்னும் பதில் வரல."

"அது… தெரியலீங்க."

"தெரியலையா, சொல்ல மனசு வரலையா?" அவள் அவன் பக்கம் திரும்பினாள். "நூத்தி நாப்பது படம் நெஜத்தச் சொல்லிட்டு இந்த ஒண்ணுல ஏண்டா என்னய ஏமாத்தற? எனக்கு வலிக்குமா வலிக்காதான்னு நீ யாரு தீர்மானம் பண்ண?"

கரண்டியோடு ஓடிவந்த காவேரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சென்னப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கண்ணப் பத்தி உங்ககிட்ட எப்பிடிக்கா சொல்றதுன்னுதான்… அந்தப் பொண்ணோட கண்ணு தெரியலீங்க. அந்தாளு கையால மூடியிருக்காரு."

மூடியிருக்கிறார். ஹமீதுன்னிசாவின் காதில் முப்பது வருஷத்து அழுகை ஒன்று கேட்டது. என் கையாலதானே மூடுனேன். அப்படியானால் அத்தா சொன்னதுதான் உண்மையா? ஒரு கணம் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். ஆனால் நூற்று நாற்பது படங்களுக்கு ஒரு ஈட்டியைக்கூட விடாமல் கேட்டவள் அல்லவா அவள்?

"காவேரி, பெரிய போட்டோவ எடு. கண்ணாடி வெச்சிப் பாரு. அந்தக் கையப் பத்திச் சொல்லு. அவசரமில்ல."

பெட்டி திறந்தது. காகிதம் சரசரத்தது.

"எடது கைங்கக்கா. சுண்டு விரலு பாதிதான் இருக்குது, மீதி இல்ல."

அத்தாவுக்குக் கரும்பாலையில் போன விரல். கன்னத்தைத் தடவும்போதெல்லாம் அந்த மொட்டை நுனிதான் முதலில் படும்.

"கை எங்க இருக்குது?"

"புருவத்துக்கு மேல. கவுத்து வெச்சிருக்காரு." காவேரி குனிந்து இன்னும் உற்றுப் பார்த்தாள். "ஏங்க, மூடியிருக்காருன்னு எவன் சொன்னது? கண்ண நல்லா தொறந்து பாருங்க! கை மூஞ்சில படவே இல்ல. நடுவுல ரெண்டு வெரல் எடம் இருக்குது. அந்தக் கையோட நெழலுதான் கண்ணு மேல விழுந்திருக்குது. வெயில் படாம மறைக்கறாரு."

"கம்ப்யூட்டர்ல சின்னதாத் தெரியவும் மூடுனாப்பல…" என்று முனகினான் சென்னப்பன்.

"அந்தாளு? அவரு எங்க பாக்கறாரு?"

"கேமராவப் பாக்கலீங்க. அந்தப் பொண்ணத்தான் பாக்கறாரு. சிரிக்கறாரு."

ஹமீதுன்னிசாவின் கண்களுக்குப் பார்க்கத்தான் தெரியாது, அழத் தெரியும். தாரை தாரையாக வழிந்தது. காவேரி பதறிப்போய் அவள் தோளைப் பிடித்தாள்.

"அது எங்க அத்தா" என்றாள் ஹமீதுன்னிசா. "அந்தப் பொண்ணு நான்."

எல்லாவற்றையும் சொன்னாள். அம்மை, அத்தாவின் அழுகை, மாமி கொடுத்த படம், தான் ஏன் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை என்பது, எல்லாம். சென்னப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினான்.

"மொதல்லயே சொல்லியிருந்தா ஒரே நாள்ல தேடியிருப்பனேக்கா."

"தேடியிருப்ப. கெடைக்கலன்னாலும் கெடச்சிடுச்சின்னு சொல்லியிருப்ப."

"ஆமாங்கக்கா" என்று ஒத்துக்கொண்டான் அவன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹமீதுன்னிசா விசைப்பலகையில் கை வைத்தாள். மத்தூர்ச் சந்தையில் புளி வியாபாரி லால் பாஷா. மூட்டை மேல் அவர் மகள். அவர் இடது கையைக் குழந்தையின் புருவத்துக்கு மேல் கவிழ்த்துப் பிடித்து, அதன் கண்களுக்கு நிழல் கொடுக்கிறார். கை முகத்தில் படவில்லை. அவர் மகளைப் பார்த்துச் சிரிக்கிறார். இதைத்தான் ஆங்கிலத்தில் அடித்தாள். இயந்திரத்தைப் படிக்கச் சொன்னபோது அது சரியாக நாற்பது நிமிஷத்தைத் தொட்டு ஊமையாகிவிட்டது.

"இதுக்கு நேரங்காலமே தெரியாதா?" என்று காவேரி கரண்டியை ஓங்கினாள். மூவரும் சிரித்துவிட்டார்கள். அணைத்துப் போட்டு, அது உயிர் பெற்று வரும் வரை காத்திருந்து கேட்டார்கள். பத்து முறை படிக்க வைத்தாள். எங்கோ வெள்ளைக்காரன் செய்த அந்தக் கரகரத்த குரல், லால் பாஷா என்ற பெயரைக் கடித்துக் குதறித்தான் சொன்னது. அவளுக்கு அது போதும். இனிமேல் அந்தக் கையை யாரும் திட்ட முடியாது.

பெரிய பிரதியைக் காவேரி ஒரு காகிதத்தில் சுற்றி அவள் மடியில் வைத்தாள். "இது உங்க வீட்டுதுதான்."

ஹமீதுன்னிசா அதன் ஓரத்தைத் தடவினாள். முன்பு பதினொரு வருஷம் தடவியது போலத்தான். ஆனால் இந்த முறை யார் உள்ளே இருக்கிறார் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது.

தேடியது கிடைத்துவிட்டது, இனி வரமாட்டாள் என்று சென்னப்பன் நினைத்திருந்தான். டீக் கோப்பையை வைத்துவிட்டு அவள் நாற்காலியை முன்னால் இழுத்தாள்.

"மீதி எழுவத்தொண்ணு இருக்குது. அதுல யாரோட அத்தா இருக்காரோ, யாரோட அம்மா இருக்காங்களோ? சொல்லு சென்னப்பா, நூத்தி நாப்பத்திரெண்டு. யாரு இருக்காங்க?"

சென்னப்பன் திரையை விட்டுவிட்டு, பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டான்.