குழந்தைவேலு மாமாவும் பத்து நாள் டிஸ்க்கும்

அந்தமானில் உள்ள ஹட் பேயில், எங்கள் தெருவில் முதலில் கேமரா வைத்தது பக்கத்து வீட்டு உமா மகேஸ்வரி அத்தைதான். திருடனுக்காக வைக்கிறேன் என்று தெரு முழுக்கச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. இந்தத் தீவில் ஒருவன் திருடினாலும், திருடியதை வெளியே கொண்டுபோக அவனுக்குக் கப்பல் டிக்கெட் கிடைக்க வேண்டுமே!

கேமரா யாருக்காக என்பது எல்லோருக்கும் தெரியும். அத்தையின் கணவர் குழந்தைவேலு மாமாவுக்காக.

மாமாவுக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். மாமா எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை வெட்டினார். தோட்டத்தை மூடியதும் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் மூட்டை இறக்கினார். அதுவும் முடிந்த பிறகு அவருக்கு மிஞ்சியது வாசலில் நிற்கும் மூன்று தென்னை மரங்கள். நடுமரத்தின் உச்சிக்குப் போனால் கடல் தெரியும். கப்பல் வருகிற நாளில் மாமா அங்கேதான் இருப்பார். "ஜகாஜ் ஆ கயா!" என்று, கப்பல் வந்துவிட்டதாக இந்தியில் மேலிருந்து ஒரு கத்தல் கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் எங்கள் தெருவில் வெங்காயம் வாங்கப் பையைத் தேடுவார்கள்.

போன வருடம் மழைக்காலத்தில் அந்த மரத்திலிருந்து விழுந்தார். இரண்டு விலா எலும்பு உடைந்து, ஹெலிகாப்டரில் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார்கள். எலும்பைப் பற்றி மாமா ஒரு வார்த்தை பேசியதில்லை. ஹெலிகாப்டரைப் பற்றிப் பேசாத நாள் இல்லை.

இனி மரம் ஏறுவதில்லை என்று மகள் பானுவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அந்தச் சத்தியம் மூன்று வாரம் நீடித்தது.

இந்த நிலையில்தான் போர்ட் பிளேரில் இருக்கும் பானுவுக்குப் பிரசவம் நெருங்கியது. அத்தை ஒரு மாதம் அங்கே போயிருக்க வேண்டும். போவதற்கு முன்னால் டெர்வினை வரச்சொன்னார். டெர்வின் பஜாரில் டிவி, டிஷ், வயரிங் எல்லாம் பார்ப்பவர்.

"அக்கா, கேமராவை கேட்டைப் பாத்து வைக்கலாம். திருடன் அந்த வழியாத்தான் வருவான்" என்றார் டெர்வின்.

"என் வீட்டுத் திருடன் மேல போறவன். மூணு மரமும் அடியிலேருந்து உச்சி வரைக்கும் தெரியற மாதிரி வை."

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மாமாதான். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பதிவு செய்கிற பெட்டியை அத்தை பீரோவுக்குள் வைக்கச் சொன்னார். வயர் போக பீரோவின் முதுகில் டெர்வின் ஓட்டை போட்டார்.

"மெயினை ஆஃப் பண்ணிட்டு ஏறுவார். பேட்டரியும் சேத்து உள்ள வை."

"பெட்டி நின்னா, எத்தனை மணிக்கு நின்னுச்சுன்னு அதுவே காட்டிடும் அக்கா. பக்கா."

அத்தை பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். பிறகு மாமாவிடம் திரும்பினார். "வந்ததும் இதைப் போட்டுப் பாப்பேன். ஒரே ஒரு தடவை நீங்க மரத்து மேல தெரிஞ்சாலும் பேச்சே கிடையாது. ரம்பக்காரனைக் கூட்டி மூணு மரத்தையும் அடியோட அறுத்துருவேன். கேமரா மேல துண்டு தொங்கினாலும் அதேதான்."

அத்தை சொன்னால் செய்பவர். சூறைக்காற்று நாளில் மாமா மீன் பிடிக்கப் போய்வந்த சின்னப் படகு, மறு வாரமே அவர்கள் வீட்டு அடுப்பில் எரிந்தது.

அத்தையை ஏற்றிய கப்பல் ஜெட்டியை விட்டு நகர்ந்ததும், மாமா நேராக டெர்வின் கடைக்குப் போனார்.

"டெர்வினு, அந்தப் பெட்டிக்கு எவ்வளவு நாள் ஞாபகம் இருக்கும்?"

"பத்து நாள் அண்ணே. பெரிய டிஸ்க் கப்பல்ல வரல. பழைய கம்ப்யூட்டர்லேருந்து ஒண்ணைக் கழட்டிப் போட்டிருக்கேன். நிறைஞ்சா பழசை அழிச்சுட்டு அது மேலேயே எழுதும்."

மாமா காலண்டரைப் பிரித்தார். அத்தை முப்பதாம் நாள் வருவார். கடைசிப் பத்து நாள் ஒழுங்காக இருந்தால் போதும். பாதுகாப்புக்கு ஒரு நாளைக் கூடவே விட்டுப் பத்தொன்பதாம் நாளில் ஒரு கோடு போட்டார். அதுவரை ஒன்பது தடவை ஏறினார். ஒரு தடவை பாதி மரத்தில் நின்று கேமராவுக்கு நாக்கை நீட்டிக் காட்டினார். பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் இறங்கி, மரத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போனார். அங்கே டெர்வின் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. அந்தப் பெட்டி எப்பவும் எழுதாது. முன்னாடி ஏதாவது அசைஞ்சாத்தான் எழுதும். மட்டை ஆடறதெல்லாம் எழுதாம இருக்க அதோட உணர்வைக் குறைச்சு வெச்சிருக்கேன். ஆள் அளவு அசையணும்."

"அதனால?"

"உங்க வீட்டுல இப்ப ஆள் அளவு அசையறது நீங்க ஒருத்தர்தான். டிஸ்க் நிறைய ரெண்டு மாசம் ஆகும்."

மாமாவின் டீ கிளாஸ் வாய்க்குப் போகாமல் நின்றது. "அப்ப நான் நாக்கை நீட்டினது?"

"பத்திரமா இருக்கும் அண்ணே."

"அழிச்சுடுடா!"

"பீரோ சாவி அக்கா இடுப்புல இருக்கு."

மாமா கிளாஸை பெஞ்சில் வைத்தார். "அப்போ பத்து நாள் விடாம எதாவது ஆடினா?"

"ராவும் பகலும் ஆடினா நிறைஞ்சுரும்."

இருந்தது பதினோரு நாள்.

மறுநாள் காலையில் எங்கள் தெரு ஒரு அதிசயத்தைப் பார்த்தது. குழந்தைவேலு மாமா கையில் விளக்குமாறு. முப்பது வருடக் குடித்தனத்தில் அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று மட்டும் ஆறு தடவை வாசல் கூட்டினார். குப்பை தீர்ந்ததும் வேலியோரத்திலிருந்து அள்ளிவந்து கொட்டி, மறுபடியும் கூட்டினார்.

அடுத்த நாள் எதிர்வீட்டு மண்டல் பாபுவின் நான்கு ஆடுகளை ஓட்டிவந்து மரத்தைச் சுற்றிச் சுற்றித் துரத்தினார். என் ஆட்டை ஏன் ஓடவிடுகிறாய் என்று மண்டல் பாபு இந்தியில் கேட்டுக்கொண்டே ஓடி வந்தார். "வேலு பாய், மேரி பக்ரி கோ க்யோ தௌடா ரஹே ஹோ?"

"எக்ஸர்சைஸ், பாபு! பால் நல்லா வரும்!"

"வோ தோ பக்ரா ஹை!" என்று ஒரு கிடாவைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார் பாபு.

மூன்றாவது நாள் தெருப்பிள்ளைகளைக் கூப்பிட்டார். வாலிபால் ஆடினால் பருப்பு வடை. "அசைஞ்சுக்கிட்டே இருக்கணும்! நின்னவனுக்கு வடை கிடையாது!" என்று ஓரத்தில் நின்று விரட்டினார். நானும் போயிருந்தேன். வடையைக்கூடக் குதித்துக்கொண்டேதான் தின்றோம்.

முதல் இரண்டு ராத்திரியும் அவரே தூங்காமல் மரத்தைச் சுற்றி நடந்திருந்ததால், அன்று சாயங்காலம் மாமாவால் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. ஆடும் பிள்ளையும் இரவில் வரப்போவதில்லை. அப்போதுதான் தையல்கடையிலிருந்து ஃபால்ஸ் தைத்து வந்த அத்தையின் சேலை அவர் கண்ணில் பட்டது. பேரப்பிள்ளைக்குப் பெயர் வைக்கும் விசேஷத்துக்காக அத்தை எடுத்த புதுப் பச்சைச் சேலை. அதைக் கொடியில் முழு நீளத்துக்குத் தொங்கவிட்டார். அதற்குப் பின்னால் ஸ்டூல் மேல் டேபிள் ஃபேனை வைத்து முழு வேகத்தில் சுழலவிட்டார். சேலை ஆள் அளவுக்கு எழும்பி ஆடியது. எட்டு நாள் ராவும் பகலும் ஆடியது. மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை வருகிற நாளும் வந்தது. பானுவுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி முன்பே வந்துவிட்டது. கப்பல் ஒன்பது மணிக்கு என்றார்கள். பத்தரை ஆகியும் சத்தம் இல்லை. கடல் கொந்தளிப்பாக இருந்தது. மாமா கேட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

"வேலு அண்ணே, கப்பல் வந்துச்சா இல்லையா?" என்று எங்கள் அம்மா வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"இரு தங்கச்சி, பாத்துச் சொல்றேன்" என்றார்.

சொன்ன வாய் மூடுவதற்குள் பாதி மரத்தில் இருந்தார். உச்சியில் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "ஜகாஜ் ஆ கயா!" என்று கத்தினார். துண்டை அவிழ்த்துக் கடலைப் பார்த்து வீசு வீசென்று வீசினார். இறங்கும்போதுதான் கேமராவுக்கு நேர் எதிரே வந்து, அதை முகத்துக்கு முகம் பார்த்தார்.

"ஐயோ" என்று மட்டும் சொன்னார். பிறகு ஜெட்டிக்கு ஓடினார்.

அத்தை வீட்டுக்கு வந்து பையை வைத்தார், தண்ணீர் குடித்தார், பீரோவைத் திறந்தார். நாங்கள் ஏழெட்டுப் பேர் ஜன்னலில் நின்றோம். டெர்வினும் வந்திருந்தார்.

மாமா எண்ணியதுபோலவே பழையதெல்லாம் அழிந்திருந்தது. டிவியில் முதலில் வந்தது விளக்குமாறு.

"யாருங்க இது?"

"நான்தான் உமா. சுத்தம் முக்கியமில்லையா."

அடுத்து ஆடுகள். அடுத்து வாயில் வடையுடன் குதிக்கிற நாங்கள். அடுத்து பச்சைச் சேலை. ஓட்டினாலும் சேலை, இன்னும் ஓட்டினாலும் சேலை. அத்தை மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

"எத்தனை தடவை ஏறினீங்க?"

"அதுல இருக்கான்னு நீயே பாரு!" மாமாவின் குரலில் தைரியம் வந்துவிட்டது. "போதும் உமா. பயணம் பண்ணி வந்திருக்க, கண்ணு வலிக்கும். போய்ப் படு."

அந்தக் கரிசனம்தான் அவரைக் கெடுத்தது. அத்தை கடைசிப் பதிவை அழுத்தினார். உச்சியில் மாமா, துண்டு, சத்தம் கேட்காமல் கத்துகிற வாய்.

அத்தை படத்தை அங்கேயே நிறுத்தினார்.

"யாருக்குத் துண்டு வீசறீங்க?"

"உனக்குத்தான்." மாமாவின் குரல் இறங்கியது. "மணி ஆச்சு, கடல் வேற சரியில்ல. மனசு கேக்கல. அப்புறம் பாத்தேன். மேல்தளத்துல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே. பச்சைச் சேலைல."

எல்லோரும் வாசலைப் பார்த்தோம். கொடியில் பச்சைச் சேலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"என் பச்சைச் சேலை எட்டு நாளா இங்க ஆடுது" என்றார் அத்தை. "நான் கப்பல்ல கீழ வாந்தி எடுத்துட்டுப் படுத்துக் கிடந்தேன்."

"அப்ப அது யாரு?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

முதலில் சிரித்தது டெர்வின். கடைசியில் சிரித்தது அத்தை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரம்பக்காரன் எங்கடா?" என்று டெர்வினிடம் கேட்டார்.

"போர்ட் பிளேர் போயிருக்கான் அக்கா. அடுத்த கப்பல்ல வருவான்."

"சரி. அவன் வர்ற வரைக்கும் தினம் ஆறு தடவை வாசல் கூட்டணும். பெட்டியில எண்ணுவேன். ஒண்ணு குறைஞ்சாலும் ரம்பம்."

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. ரம்பக்காரன் வந்து, போய், மறுபடியும் வந்துவிட்டான். மூன்று மரமும் நிற்கின்றன. மாமா கூட்டிக்கொண்டே இருக்கிறார்.

கப்பல் வருகிற நாளில் மட்டும், உப்பு கடன் கேட்கிற சாக்கில் எங்கள் வீட்டுக்கு வருகிறார். எங்கள் மரத்துக்குக் கேமரா இல்லை. ஆனால் மரம் குட்டை. உச்சிக்குப் போனாலும் கப்பலின் புகைக்கூண்டு மட்டும்தான் தெரியும். "கூண்டு வந்தா கப்பல் வராமலா போயிரும்?" என்கிறார்.

நேற்று டெர்வின் எங்கள் சுவரை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். யார் அனுப்பியது என்று கேட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினார். பெரிய டிஸ்க் இந்தத் தடவை கப்பலில் வந்துவிட்டதாம்.